கோதாவில் இருவர்

சென்ற தைத் திங்களில் திருப்பதியில் நம் சங்கத்தார் நடத்திய பொங்கல் விழாவிற்கு வந்திருந்த அன்பர்கள், மண்டபத்தின் ஒரு கோடியில், பந்திப் பாய்கள் சுருட்டி வைத்திருந்த இடத்திற்கு அண்மையில், பின்புறம் புடைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைக் கண்டிருப்பர். அதனோடு பிணைத்திருந்த சாம்பல் நிறப் பெட்டியையும், அதன் முதுகில் செருகியிருந்த மஞ்சள் நிறக் கேசட்டையும் உற்று நோக்கியவர்கள் சிலரே. கண்டவர்களுள் ஓர் அம்மையார் எங்களிடம் வந்து, "பிள்ளைகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கெடுவது போதாதென்று, சங்கத்தாரே ஒரு வீடியோ கேமைக் கொண்டுவந்து வைக்கலாமா? அதுவும் ஒருவனை ஒருவன் தூக்கி எறிகின்ற சண்டை!" என்று கேட்டார். வினவியதில் தவறில்லை. ஆனால் பரிமாறும் வேளையில் நின்றுகொண்டே விடை சொல்லக் கூடிய வினாவன்று அது. ஆதலின் ஈண்டு எழுதலானோம்.

அப்பெட்டியில் ஓடியது 'புரோ ரெஸ்லிங்' என்னும் மல்யுத்த ஆட்டம். ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தார் 1986-ஆம் ஆண்டில் தம் நாட்டிலும், அதற்கடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் வெளியிட்டது. அதனை ஆக்கியவர் மசாட்டோ மசுடா என்பார். 1989-இல் தொடங்கிப் பல பகுதிகளாக வெளிவந்த 'ஃபயர் புரோ ரெஸ்லிங்' என்ற புகழ்பெற்ற மல்யுத்த ஆட்ட வரிசையைத் தோற்றுவித்தவரும் அவரே. இந்த ஆட்டம் ஓடிய இயந்திரம் 1983-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் உள்நினைவு 2 கிலோபைட்டு மட்டுமே. இன்று நாம் கைப்பேசியில் அனுப்புகின்ற ஒரு காலை வணக்கப் படத்திற்கு அதைப் போல் பல மடங்கு இடம் வேண்டும்! நம் நாட்டில் 1990-களில் கடைதோறும் விற்றவை பெரும்பாலும் அவ்வியந்திரத்தின் நகல்களே. எங்கள் வீட்டில் உள்ள கேசட்டிலும், செய்தவர் யார் என்பதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஆட்டத்தின் இயல்பைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். அதனை அறியாமல் அம்மையாரின் வினாவிற்கு விடை காண இயலாது.

முதலில் ஒரு வீரனைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவர் உளர். ஜப்பானியனான ஃபைட்டர் ஹயபுசா (ஹயபுசா என்றால் அவர்கள் மொழியில் வல்லூறு), மெக்ஸிகோ நாட்டு முகமூடியாளன் ஸ்டார்மேன், கொரியாவின் கின் கார்ன் கார்ன், அமெரிக்கர்களான ஜயண்ட் பேந்தர், கிங் ஸ்லெண்டர் என்னும் இருவர், பாதி மனிதனும் பாதி மீனுமாகிய அமேசான் என்பவன் ஆகியோர் அவர்கள். ஒவ்வொருவனுக்கும் தனக்கே உரிய பிடியோ அடியோ உண்டு. ஹயபுசா துள்ளியெழுந்து எதிரியின் பின்னந்தலையில் உதைப்பான். ஸ்டார்மேன் குட்டிக்கரணமிட்டுக் காலால் அடிப்பான். பேந்தர் ஐந்து விரலாலும் மண்டையைக் கவ்வி நெரிப்பான். ஸ்லெண்டர் எதிரியைத் தன் முழங்காலின்மேல் போட்டு முதுகை முறிப்பான். அமேசானோ, சொல்லவே கூசுகிறது, கடிப்பான். இவர்கள் அனைவரையும் வென்று பட்டம் பெற்று, அப்பட்டத்தையும் பலமுறை காத்து நின்றவன் முன் இறுதியில் கிரேட் பூமா என்பவன் தோன்றுவான். ஏனையோரின் சிறப்பு அடிகள் யாவும் அவனுக்குக் கைவந்தவை. அவனைத் தெரிந்துகொண்டு ஆட ஒருவராலும் இயலாது. எதிரியாக மட்டுமே காணலாம்.

கையில் பிடிக்கும் கருவியில் (நம் பிள்ளைகள் அதை 'ரிமோட்' என்றே சொல்வர்) திசை காட்டும் சிலுவை வடிவ விசை ஒன்றும், அடிக்கவும் பிடிக்கவும் உதவும் விசைகள் இரண்டும் உள. தொலைவில் நின்றால் குத்தலாம், உதைக்கலாம். நெருங்கிச் சென்றாலோ இருவரும் தாமே ஒருவரையொருவர் தோளில் பற்றிக்கொள்வர். ஆட்டத்தின் உயிர்நிலை இந்தப் பற்றுதலே. அந்த நொடியில் எவன் திசையையும் விசையையும் இணைத்து முந்தி அழுத்துகின்றானோ, அவன் எண்ணிய பிடி நிகழும். தூக்கித் தரையில் அறையலாம். தலைகீழாகப் பிடித்து நடலாம். கயிற்றை நோக்கி வீசியெறிந்து, மீண்டு வருகின்றவனை நீட்டிய கையால் வெட்டலாம். மேடையின் மூலைக் கம்பத்தின் மீதேறிப் பாயலாம். மேடைக்கு வெளியே விழுந்தவன் மேல் கயிற்றைத் தாண்டிக் குதிக்கலாம். வெளியே இருப்பவன் நடுவர் எண்ணி முடிப்பதற்குள் மேலேறாவிடில் தோற்றான்.

நடுவர் என்றோம். அந்நாளைய இத்தகைய ஆட்டங்களில் பார்க்க அரிதான நடுவர் இவர். வீரர்களோடு மேடை மேலேயே நடமாடுவார். ஒருவன் மற்றவனைக் கீழே அமுக்கினால் அவர் ஓடிவந்து குனிந்து எண்ண வேண்டும். மேடையின் மறுகோடியில் அவர் நின்றுவிட்டால், வெற்றி கையில் இருந்தும் கணக்கில் ஏறாத அவலம் நேரும். மேடையைச் சுற்றிப் படக்கருவியைத் தோளில் சுமந்து ஒருவன் ஓடிக்கொண்டேயிருப்பான். அவனால் ஆட்டத்திற்கு ஒரு பயனுமில்லை. ஆயினும் அவன் இல்லாவிடில் அரங்கு வெறிச்சென்றிருக்கும். அவ்வியந்திரம் படத்தை வரையும்போது ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் காட்ட வல்லதன்று. வீரர் இருவரும் நடுவரும் ஒரே வரிசையில் வந்தால் யாரேனும் ஒருவர் மினுங்கி மறைவது அதனாலேயே. குறை அதுதான்; பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை.

இவையெல்லாம் பிற மல்யுத்த ஆட்டங்களிலும் ஏறக்குறையக் காணக் கூடியவை. இதற்கே சிறப்பான ஒன்று உண்டு. திரையில் வலிமைக் கோடு இல்லை. பிற்காலத்துச் சண்டை ஆட்டங்களில் தலைக்கு மேல் ஒரு பட்டை இருக்கும். அடி விழ விழக் குறையும். அதைப் பார்த்தே எதிரி எவ்வளவு தளர்ந்தான் என்று கணக்கிடலாம். இங்கு அப்படி எதுவும் கிடையாது. வீரனின் ஆற்றல் இயந்திரத்தின் உள்ளே மறைந்திருக்கும். அதனை அறிய ஒரே வழி, விழுந்தவன் எழுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றான் என்று பார்ப்பதுதான். முதல் அடியில் விழுந்தவன் உடனே எழுவான். பத்தாவது அடியில் விழுந்தவன் சற்றுக் கிடப்பான். அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே மேலே விழுந்து அமுக்கினால், எண்ணிக்கை மூன்றை எட்டுமுன் உதறிவிட்டு எழுந்துவிடுவான். ஆகவே ஆடுகின்றவன் கோட்டைப் பாராது ஆளைப் பார்க்க வேண்டும். அருகில் அமர்ந்து ஆடும் தோழனின் மூச்சையும், விரல்களின் பதற்றத்தையும்கூடக் கவனிக்கப் பழகுகின்றான்.

வென்றவுடன் திரையில் ஒரு வாசகம் தோன்றும்: 'ஏ வின்னர் இஸ் யூ'. ஆங்கிலம் அறிந்தவர்கள் நகைப்பர். 'ஒரு வென்றவன் நீ ஆகின்றான்' என்று தமிழில் எழுதினால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட ஆங்கிலம் அது. உலகெங்கும் எள்ளி நகையாடப்பட்டுப் புகழ்பெற்றுவிட்ட தொடர். ஆனால் எங்கள் வீட்டில் அத்தொடரை எவரும் எள்ளியதில்லை. அதன் காரணத்தை இனிச் சொல்வோம்.

நிற்க. 1996-ஆம் ஆண்டு சூன் மாதம் நாங்கள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சித்தூருக்குக் குடிபெயர்ந்தோம். கிரீம்ஸ்பேட்டையில் வாடகைக்கு ஒரு வீடு. சித்தூர் நமக்கு அந்நிய ஊரன்று என்று பலரும் சொல்லியிருந்தனர். அது பாதி உண்மை. வேலூரிலிருந்து ஒரு மணிநேரப் பயணம். கடைத்தெருவில் தமிழில் விலை பேசலாம், வெல்லமும் புளியும் தமிழிலேயே வாங்கலாம். பெரியவர்களுக்கு அவ்வளவு போதும். பத்து வயதுச் சிறுவனுக்குப் போதாது. அவன் நாள் முழுதும் இருக்க வேண்டிய இடம் கடைத்தெருவன்று, பள்ளிக்கூடம்.

எங்கள் மகன் அங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தான். ஆங்கிலவழிப் பள்ளி, இரண்டாம் மொழி தெலுங்கு. நமக்குக் 'க' என்று ஓர் எழுத்துப் போதும். அவர்களுக்கு அதில் நான்கு. அந்நான்கையும் அவன் நாக்கு ஒன்றாகவே ஒலித்தது. ஆசிரியை ஒருவர் முதல் நாளே அவன் பெயரைக் கேட்டு, 'செப்பு' என்றாராம். தெலுங்கில் அச்சொல்லுக்குச் 'சொல்' என்றும் பொருள். செருப்பு என்றும் பொருள். காலணிக்கு அங்கே அதுவே பெயர் என்று எப்படியோ கேட்டு வைத்திருந்த இவன், தன் செருப்பைக் குனிந்து பார்த்திருக்கின்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. அன்றிலிருந்து அவன் வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டான். பள்ளியில் மட்டுமன்று, தெருவிலும். சில நாள்களில் வீட்டிலும். ஆடி முடிந்து ஆவணி வந்தது. ஒரு நாள் அவன் தாயார் எங்களிடம், "இவன் பேசி மூன்று நாளாகின்றது, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியவில்லை. புதிய வேலையின் கணக்குகளில் மூழ்கிக் கிடந்தோம்.

அடுத்த வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம். அவர்களுக்கும் பத்து வயதில் ஒரு பையன், தமிழ் அறியான். அவன் வீட்டில் அந்த சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் எங்கள் வாயிற்படியில் நின்று, எங்கள் மகனைப் பார்த்து, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக் கட்டைவிரல்களை அசைத்துக் காட்டினான். ஒரு சொல் இல்லை. இவன் எழுந்து பின்னே போனான்.

அதன்பின் ஒரு மாத காலம் அவர்கள் இருவரும் பேசிய பேச்சு அந்தக் கோதாவில் பிறந்தது. 'கோதா' என்கிறோம் அல்லவா, தெலுங்கர்க்கும் அது கோதாதான். குஸ்தி இருவருக்கும் குஸ்தியே. வஸ்தாது இருவருக்கும் வஸ்தாது. பள்ளிப் பாடப்புத்தகம் எங்கள் மகனுக்குக் காட்டாத பொதுச் சொத்தை ஒரு சண்டையாட்டம் காட்டிற்று! அடுத்து வினைச்சொற்கள் வந்தன. 'பட்டு' என்றால் பிடி. நம்முடைய 'பற்று' தான். 'வதுலு' என்றால் விடு. 'தன்னு' என்றால் உதை. 'லே' என்றால் எழு. இவை இலக்கணமாக வரவில்லை. ஒருவன் கழுத்தை மற்றவன் பிடித்திருக்கும் நேரத்தில் வந்தன. அப்படி வந்த சொல் மறப்பதில்லை. எல்லாவற்றினும் மிகுதியாகக் கேட்ட சொல் 'மள்ளீ'. 'மறுபடி' என்று பொருள். தோற்றவன் சொல்வது அது.

நாங்கள் சுவரின் இப்பால் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். ஒருவன் மற்றவனை அமுக்கியவுடன் இருவரும் நடுவரோடு சேர்ந்து உரக்க எண்ணுவர். அடுத்த வீட்டுப் பையன் 'ஒகட்டி' என்பான். இவன் 'ஒண்ணு' என்பான். அடுத்தது இருவர்க்கும் 'ரெண்டு'. அந்த இடத்தில் மட்டும் இரு குரலும் ஒரு குரலாகும். மூன்றில் மீண்டும் பிரிந்துவிடும்: 'மூடு', 'மூணு'. கீழே கிடப்பவன் விசைகளைக் குத்திக் குத்தித் திமிறுவது பெரும்பாலும் அந்த ரெண்டில்தான்.

மேற்சொன்ன அந்த உடைந்த ஆங்கிலத் தொடரின் அருமை இங்கேதான் விளங்கிற்று. இயந்திரமே தப்பாகப் பேசுகின்றது. இருந்தும் அது சொல்ல வந்தது எல்லாருக்கும் விளங்குகின்றது. எவரும் அதனை வகுப்பை விட்டு வெளியே அனுப்பவில்லை. எங்கள் மகன் அன்றாட வாழ்வில் அத்தொடரைப் பயன்படுத்தத் தொடங்கினான். அடுத்த வீட்டு அம்மையார் முறுக்குக் கொடுத்தால், 'ஏ வின்னர் இஸ் யூ' என்பான். பிறகு மெல்லத் தப்புத் தெலுங்கும் பேசினான். தப்பாகவேனும் பேசினானே! எங்களுக்கு அதுவே பெரிதாயிற்று.

இவ்விடத்தில் எங்கள் தந்தையாரைப் பற்றியும் ஒரு சொல். அவருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் அப்பெட்டி எங்கள் வீட்டிற்கு வந்தபோது, பையன்கள் 'கின் கார்ன், கின் கார்ன்' என்று கூவுவதைச் செவிப்புலன் மங்கிய அவர் 'கிங் காங்' என்று கேட்டுவிட்டார். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து வந்து திரைக்கு முன் அமர்ந்தார். கிங் காங் என்ற பெயரில் கோதாவில் இறங்கிய எமில் சாயா ஹங்கேரியர்; மலைபோன்ற உடல் கொண்டவர். அவரும் தாராசிங்கும் 1950-களிலும் 60-களிலும் நம் நாட்டிலும் சிங்கப்பூர், மலேயா நாடுகளிலும் மோதிய மோதல்களைப் பற்றிப் பேசாத திண்ணை அந்நாளில் இல்லை. தந்தையார் இளமையில் தாராசிங்கின் குஸ்தி ஒன்றைப் பார்க்க மூன்று நாள் கூலியைச் செலவழித்தவர். கிங் காங் 1970-இல் சிங்கப்பூரில் ஒரு கார் விபத்தின் விளைவாக மாண்டார். தாராசிங் 1968-இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார், 2012-இல் மறைந்தார். அச்சிறுவர்களுக்கோ தாராசிங் என்றால் தொலைக்காட்சி இராமாயணத்தில் வந்த அனுமார் மட்டுமே. அனுமார் குஸ்தி போட்டார் என்று கேட்டு அவர்கள் வியந்த வியப்பு சொல்லுந்தரமன்று. அடுத்த வீட்டுப் பையன் அவரைத் 'தாத்தா' என்றே அழைத்தான். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. தாத்தா தமிழில் கதை சொல்வார். எங்கள் மகன் தனக்குத் தெரிந்த முப்பது தெலுங்குச் சொற்களால் அதைப் பெயர்த்துரைப்பான். தெலுங்குத் தேர்வில் அவன் அவ்வாண்டு தேறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். அடுத்த ஆண்டு தேறினான்.

ஆட்டத்தில் தீங்கே இல்லை என்று நாங்கள் சாதிக்க வரவில்லை. ஒரு நாள் இவன் ஹயபுசாவின் உதையைக் கட்டிலின் மீதிருந்து பயின்று, தங்கையின் தோளில் விழுந்து, அவள் இரண்டு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்தாள். திரையில் விழுந்தவன் எழுவான். தரையில் விழுந்தவன் எழுவது உறுதியன்று என்பதைப் பெற்றோர் வாயால் சொல்லிவைத்தே ஆகவேண்டும். தொழில்முறை மல்யுத்தத்தில் மெய்யும் நடிப்பும் கலந்திருப்பதையும் சொல்ல வேண்டும். அமேசானைத் தெரிந்துகொள்வது நியாயமா என்ற வழக்கு வேறு எங்கள் கூடத்தில் பல மாலைகள் நடந்தது. கடிப்பது பிழை என்று ஒரு கட்சி. ஆட்டத்திலேயே இருப்பது எப்படிப் பிழையாகும் என்று மறு கட்சி. முடிவில் அவர்களே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்: அடுத்தடுத்து மூன்று முறை தோற்றவனுக்கு மட்டும் அமேசானை எடுக்கும் உரிமை உண்டு. பெரியவர்கள் யாரும் வகுத்ததன்று இச்சட்டம்.

மின்சாரம் நிற்பதும் அக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. இந்த ஆட்டத்தில் வெற்றிகளைச் சேமித்து வைக்க வழியில்லை. ஒவ்வொருவனாக வீழ்த்திப் பட்டத்தை அணுகும் வேளையில் விளக்கு அணைந்தால், கட்டிய கோட்டை முழுதும் போயிற்று. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. கிரேட் பூமாவைக் கண்ணால் காண அவர்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. கண்ட அன்று தோற்றனர்.

தமிழர்க்கு மற்போர் புதிதன்று. புறநானூற்றில் எண்பதாம் பாட்டு முதல் ஆறு பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர்குல இளவலைப் பற்றியன. தந்தை தித்தனோடு பகைத்து, உறந்தையை விட்டு நீங்கி, வறுமையோடு வேற்றூரில் வாழ்ந்தவன் அவன். ஆமூரில் பேராற்றல் படைத்த மல்லன் ஒருவனோடு பொருது வென்றான். ஒரு காலை மார்பில் ஊன்றி, மறு காலால் முதுகை வளைத்து அவன் மல்லனை அடக்கிய பிடியைச் சாத்தந்தையார் கண்ணால் கண்டவர்போல் பாடுகின்றார். பாடும்போது அவர் நினைப்பது ஊராரையன்று, தந்தையை. மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தித்தன் இதனைக் காணவேண்டும் என்கின்றார். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அப்பாட்டு வேறு வகையில் உறைக்கின்றது. பிள்ளை எந்தக் கோதாவில் யாரோடு மல்லுக்கு நிற்கின்றான் என்பதைத் தந்தை காண வேண்டும். அந்த மூன்று நாள் மௌனத்தை நாங்கள் காணவில்லை என்று மேலே எழுதினோம். எழுதும்போது கை சற்றுத் தயங்கிற்று.

1999-இல் வேலை மாற்றமாகித் திருப்பதிக்கு வந்தோம். தொலைவு எழுபது கிலோமீட்டர்; அக்காலத்தில் இரண்டும் ஒரே மாவட்டம். (திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான்.) ஆயினும் சிறுவர்களுக்கு எழுபது கிலோமீட்டர் என்பது வேறு நாடு. லாரியில் சாமான் ஏறும்போது அடுத்த வீட்டுப் பையன் ஓடிவந்து அந்த மஞ்சள் கேசட்டை எங்கள் மகன் கையில் வைத்தான். பெட்டி அவனிடம், கேசட் இவனிடம். ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது. அறியாமல் செய்தான் என்றே அன்று எண்ணினோம். ஆனால் அவ்வாண்டு தசரா விடுமுறைக்கு அவன் தன் தந்தையோடு பேருந்தில் அப்பெட்டியைத் துணிப்பையில் சுமந்து வந்து இறங்கியபோது, அவன் கணக்குப் போட்டே செய்திருக்கின்றான் என்று விளங்கிற்று. அதன்பின் நான்காண்டு காலம் விடுமுறைதோறும் அவன் இங்கே வருவான், அல்லது இவன் அங்கே செல்வான். இன்று இருவரும் நாற்பதை எட்டுகின்றவர்கள். ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் மாமா.

இவ்வாட்டத்தை நிண்டெண்டோ நிறுவனத்தார் 2018-இல் தம் ஸ்விட்ச் என்னும் புதிய இயந்திரத்திற்கும் தந்துள்ளனர். வாங்க வசதியுள்ளவர்கள் அதில் ஆடலாம். எங்கள் கருத்தைக் கேட்டால், இரண்டாவது ரிமோட் இல்லாமல் வாங்க வேண்டா. தனியாக ஆடினால் இது வெறும் கைவேகப் பயிற்சி. கணினி வீரன் மேலே செல்லச் செல்ல விரைகின்றானேயன்றி, முகம் காட்டுவதில்லை. நகல் இயந்திரங்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் தட்டையான புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில், விசையை அழுத்தியதற்கும் படம் அசைவதற்கும் இடையே நூலளவு தாமதம் நேர்கின்றது. பற்றிய நொடியில் முந்துவதே ஆட்டம் என்றிருக்க, அந்நூலளவு போதும் கெடுப்பதற்கு. அதனால்தான் பரணிலிருந்து அந்தப் பழைய பெட்டியை இறக்கி, இருவர் தூக்க மண்டபத்திற்குக் கொண்டுவந்தோம். அதைத் தூக்கியதில் எங்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது தனிக் கதை.

இனி அந்த அம்மையாருக்கு. தாங்கள் கேட்ட வேளையில் பெட்டிக்கு முன் அமர்ந்திருந்த இரு பையன்களைக் கவனித்தீர்களோ என்னவோ. ஒருவன் திருப்பதியிலேயே பிறந்தவன். நம் சங்கத்து உறுப்பினர் மகன்தான். வீட்டில் தமிழ் கேட்பான். மறுமொழி தெலுங்கில் சொல்வான். தமிழ் எழுத்துக் கூட்டவும் அறியான். அதைப் பற்றி நாம் செயற்குழுவில் பேசாத கூட்டமில்லை. மற்றவன் சென்ற கார்த்திகையில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். வந்தது முதல் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தான். பந்தியிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தொலைவிலிருந்து பார்த்ததும் எங்களுக்கு 1996-ஆம் ஆண்டின் ஆவணி மாதம் நினைவிற்கு வந்துவிட்டது. ஆகவே ஒரு ரிமோட்டை அவன் கையில் கொடுத்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை.

முதல் மூன்று ஆட்டமும் அவன் தோற்றான். நான்காவதில் ஸ்டார்மேனை எடுத்தான். எதிரி விழுந்து கிடந்த நேரத்தை உற்றுப் பார்த்து, அவசரப்படாமல் மேலும் இருமுறை அடித்துவிட்டுப் பிறகே அமுக்கினான். நடுவர் மறுகோடியிலிருந்து ஓடிவந்தார். திருப்பதிப் பையன் 'ஒகட்டி' என்றான், தன் தோல்வியைத் தானே எண்ணுகின்றோம் என்பதையும் மறந்து. இவன் உதடும் அசைந்தது. ரெண்டு இருவர் வாயிலும் உரக்கவே வந்தது.

மண்டபத்துக் காவலர் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க வந்து நின்றார். அவரிடம் திருப்பதிப் பையன் தெலுங்கில் ஏதோ மன்றாடிக்கொண்டிருந்தான். நெல்லைப் பையன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, 'மள்ளீ, மள்ளீ' என்றான்.